விளம்பரமா, நேர்ல போய் பேசுறதா?
புது சாஃப்ட்வேருக்கு முதல் பத்து கஸ்டமர் வேணும்னா என் ஓட்டு நேர்ல பேசுறதுக்குத்தான். கூகுள் விளம்பரம் வேகமா ஆள கொண்டுவரும், ஆனா வந்தவங்க ஏன் ரெண்டு நிமிஷத்துல போயிட்டாங்கன்னு அது சொல்லாது, காசும் கரையும். ஃபைல்கள இன்டர்நெட்ல சேமிச்சு வைக்கிற டிராப்பாக்ஸ் கம்பெனிக்காரங்க ஆரம்பத்துல 99 டாலர் சரக்க விக்க ஒரு ஆளுக்கு 233லேர்ந்து 388 டாலர் வரை விளம்பரத்துக்கே அழுதாங்க. ஆன்லைன்ல பணம் வாங்க உதவுற ஸ்ட்ரைப் கம்பெனிய ஆரம்பிச்ச அண்ணன் தம்பி, யாராவது ட்ரை பண்றேன்னு சொன்னதுமே லிங்க் அனுப்புறேன்னு கிளம்பாம, லேப்டாப்ப குடுங்கன்னு வாங்கி அங்கயே செட்டப் பண்ணிக் குடுத்தாங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க, மவுஸ் எந்த பட்டன் மேல தயங்கி நிக்குதுன்னு தெரியும், அந்த ஒரு தயக்கம் போதும் அன்னிக்கு ராத்திரி எத மாத்தணும்னு புரிய. விளம்பரம் அப்புறம் போடலாம், எந்த வார்த்தைய சொன்னா ஆள் நிமிர்ந்து பாக்குறாங்கன்னு தெரிஞ்சப்புறம்.