ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ்: பின்பகுதியைவிட முன்பகுதியே பலம்

எபிரெயமும் கிரேக்கமும் படிக்காத விசுவாசி மூலமொழியை எட்டிப் பார்க்க விரும்பினால், முதலில் கைக்கு வருவது ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ் என்ற சொல்லடைவுதான். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட இந்த நூலில் இரண்டு பகுதிகள் முக்கியம். முன்பகுதியில், கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்ற பட்டியல் இருக்கும். வரியின் ஓரத்தில் ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்பகுதி அகராதிக்குப் போனால் மூலச்சொல் கிடைக்கும். எபிரெயத்துக்கு (அரமேயமும் இதில் சேர்த்தி) 8674 வரை எண்கள், கிரேக்கத்துக்கு 5624 வரை. பழைய அச்சில் சாய்வெழுத்து எண் கிரேக்கத்தைக் குறிக்கும். அதைக் கவனிக்காதவர்கள் எபிரெய அகராதியைப் புரட்டிக் குழம்புவார்கள். கிரேக்க வரிசையில் 2717உம், 3203 முதல் 3302 வரையும் இருக்காது. எண்ணிடும்போதே விடுபட்டவை அவை. உங்கள் பிரதியில் பக்கம் குறையவில்லை.

வேதத்தைப் புரிந்துகொள்ள இறையியல் படிப்பு வேண்டுமா, விசுவாசத்தோடு வாசித்தால் போதுமா என்ற வாக்குவாதத்தில் இந்த நூலை இரு தரப்புமே தவறாக எடைபோடுகிறது. படித்தவர்கள் பின்பகுதியின் குறைகளைக் காட்டி ஒதுக்குகிறார்கள். படிக்காதவர்கள் பின்பகுதியை மட்டுமே திறக்கிறார்கள். நூலின் உயிர் முன்பகுதியில் இருக்கிறது.

யோவான் 21:15-17ஐ எடுத்துக்கொள்வோம். "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். அன்பு என்ற சொல்லுக்கு முதல் இரண்டு கேள்வியில் எண் 25, மூன்றாவதில் 5368. பேதுருவின் பதிலில் எப்போதும் 5368. அகராதியில் 5368ஐப் பார்த்தால், இது உணர்வு சார்ந்த பாசம், 25 மனத்தின் தீர்மானத்தையும் தழுவிய விரிந்த அன்பு என்று ஸ்ட்ராங் பிரித்துக் காட்டுகிறார். அதை வைத்துக்கொண்டு, 25 என்றால் தெய்வீக அன்பு, 5368 என்றால் வெறும் நட்பு என்ற பிரசங்கம் உடனே தயாராகிவிடும்.

இப்போது அதே எண்களோடு முன்பகுதிக்குப் போங்கள். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்று யோவான் 3:35இல் 25 வருகிறது; அதே பிதா, அதே குமாரன், 5:20இல் 5368. இயேசுவுக்கு அன்பான சீஷனுக்கு 13:23இல் 25, 20:2இல் 5368. தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசை வைத்துப் பவுலை விட்டுப் போனதற்கு 2 தீமோத்தேயு 4:10இல் வரும் எண்ணும் 25தான்! அகராதி தூண்டிய பிரசங்கத்தை அதே நூலின் பட்டியல் தடுத்துவிடுகிறது. இதற்குப் பட்டம் வேண்டாம், பொறுமை வேண்டும். 5368 என்ற எண்ணுள்ள சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இருபத்தைந்து முறைதான் வருகிறது; அத்தனையையும் ஒரே மாலையில் வாசித்துவிடலாம்.

முன்பகுதி ஆங்கிலச் சொல் வரிசையில் அமைந்திருப்பதால், ஒரே எண்ணின் இடங்கள் பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். அதற்கு வழி அகராதிப் பதிவிலேயே இருக்கிறது. முக்காற்புள்ளியும் கோடும் (:—) வந்த பிறகு நிற்பவை, கிங் ஜேம்ஸில் அந்தச் சொல் எப்படியெல்லாம் மொழிபெயர்க்கப்பட்டது என்ற பட்டியல். பலர் அவற்றை, விருப்பப்படி எடுத்துப் பொருத்திக்கொள்ளும் அர்த்தங்களாக நினைக்கிறார்கள். மிகப் பரவலான தவறு இதுதான். எந்தெந்தத் தலைப்புகளில் தேட வேண்டும் என்பதற்கான வழிகாட்டியாகவே அதைக் கொள்ள வேண்டும். 5368க்கு அங்கே முத்தம் என்பதும் இருக்கும். அங்கே போனால் யூதாஸின் முத்தம் வந்து நிற்கும். தேடும்போது முதலில் அதே ஆசிரியர் எழுதியவை, அடுத்து மற்ற நூல்கள், கடைசியில் அகராதி விளக்கம். ஒவ்வொரு வசனத்தையும் அதன் முன்பின் வசனங்களோடு வாசிக்காவிட்டால் இந்த உழைப்பு வீண்.

படிப்பு இல்லாமல் முடியாத இடமும் உண்டு. எண் வேர்ச்சொல்லைத்தான் காட்டும், வினையின் வடிவத்தைக் காட்டாது. 1 யோவான் 2:1இல் "ஒருவன் பாவஞ்செய்வானானால்" என்பதற்கும், 3:9இல் தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யமாட்டான் என்ற கடைசிப் பகுதிக்கும் ஒரே எண், 264. கிரேக்கத்தில் முதலாவது ஒரு செயலை முழுமையாகப் பார்க்கும் வடிவம். இரண்டாவது நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் நிகழ்கால வடிவம். இதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. ஆனால் இப்படியொரு கேள்வி இருப்பதே எண்ணை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. 3:9ஐ வாசித்துத் தன் இரட்சிப்பையே சந்தேகித்துத் தவிப்பவருக்கு அகராதி உதவாது. அந்த நிருபத்தை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தால், நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மையே வஞ்சிக்கிறோம் என்று 1:8 சொல்வது கண்ணில் படும். கைப்பிரதிக்குக் கைப்பிரதி சொற்கள் மாறும் பாட வேறுபாடுகளுக்கும் அகராதி பதில் தராது. 1 யோவான் 5:7இல் பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்களைப் பற்றிய வரி பழைமையான கிரேக்கக் கைப்பிரதிகளில் இல்லை. அதன் சொற்களுக்கும் மற்றவற்றைப் போலவே எண் உண்டு. இங்கே கற்றவர்களிடம் கேட்பதே சரி. அப்போஸ்தலர் 8இல் வரும் எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்புவைத் தேரில் ஏற்றிக்கொண்டுதான் ஏசாயாவைப் புரிந்துகொண்டார்.

கைப்பேசிச் செயலியில் வாங்குவதானால் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தொட்டால் நேரே அகராதி திறக்கும். அதோடு நின்றுவிடும் செயலி பாதி நூல்தான். அந்த எண் வரும் எல்லா வசனங்களையும் காட்டும் தேடல் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் எடுங்கள்.