விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றுக்கும் ஒரே ஹார்ட் டிரைவ்: நான்கு வருட அனுபவம்

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பகுதி. என்னுடையது விண்டோஸ் டெஸ்க்டாப், மகளிடம் மேக்புக், கோயில் அலுவலகத்துப் பழைய கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ். தைப்பூசக் காவடி வீடியோக்கள், அத்தை பாடிய தாலாட்டுப் பதிவுகள், கரும்புத் தோட்டத்துக்கு வந்த முன்னோர்களின் ஸ்கேன் செய்த தாள்கள் எல்லாம் இந்த மூன்றுக்கும் இடையே போய்வர வேண்டும். அதற்காக 2021இல் 2 டிபி டிரைவ் ஒன்று வாங்கினேன்.

யுஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் 2.5 இன்ச் வகையைத்தான் எடுத்தேன். 3.5 இன்ச் டிரைவுக்குத் தனி அடாப்டர் வேண்டும். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெட்டிங்கில் லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் அந்த டிரைவ் நின்றுவிடும். எங்கள் ஊரில் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த ஃபார்மட், அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை எது என்பதுதான் முக்கியம் என்று வாங்கிய அன்றே புரிந்தது. டிரைவ் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் வந்தது. மகளின் மேக்கில் படங்கள் திறந்தன, ஆனால் ஒரு ஃபைல்கூட எழுத முடியவில்லை. ஃபாட்32 எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை ஏற்காது. ஒரு மணி நேரக் காவடி வீடியோ அதில் அடங்காது. மிச்சம் எக்ஸ்ஃபாட்தான். விண்டோஸும் மேக்கும் அதைப் பல வருடமாகவே படித்து எழுதுகின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2019இல் 5.4 பதிப்போடு வந்துவிட்டது. கோயில் கணினியில் எதையும் தனியாக நிறுவாமலே டிரைவ் திறந்தது.

சரி, குறைக்கு வருகிறேன். 2023இல் ஒரு மாலை டெஸ்க்டாப்பிலிருந்து காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. திரும்ப வந்ததும் பார்த்தால் அத்தையின் பாட்டு ஃபோல்டரைத் திறக்கவே முடியவில்லை. அத்தை இப்போது இல்லை. மனசு பதறிவிட்டது. மகளின் மேக்கில் ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தோம்.

என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு. டிரைவின் அமைப்பில் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும், பாதியில் நின்றாலும் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபாட்டில் அது கிடையாது. இது முன்பே தெரிந்திருந்தால் அன்று டெஸ்க்டாப்பில் காப்பி போட்டிருக்கவே மாட்டேன்.

அப்புறம் பழக்கத்தை மாற்றினோம். காப்பி எல்லாம் லேப்டாப்பில்தான். எஜெக்ட் கொடுக்காமல் யாரும் கேபிளைப் பிடுங்குவதில்லை. சேமித்து வைக்க என்டிஎஃப்எஸ்ஸில் இன்னொரு டிரைவ் வீட்டிலேயே இருக்கிறது. மேக்கின் டைம் மெஷின் எக்ஸ்ஃபாட்டில் பேக்கப் எடுக்காது என்பதால் மகளும் தனியாக ஒன்று வைத்திருக்கிறாள்.

நான்கு வருடமாகப் பையில் குலுங்கியும் டிரைவ் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் உள்ளே சுற்றும் தட்டு இருப்பதால் கீழே விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. அடுத்தது சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிதான் வாங்குவேன், ஃபார்மட் மறுபடியும் எக்ஸ்ஃபாட்.