கோத்தகிரி அக்குபங்சர் நிலையம்: துக்கத்தோடு சென்று வந்த பத்து வாரங்கள்

என் தம்பி இறந்து நான்கு மாதங்கள் ஆன பிறகும் இரவு இரண்டு மணிக்கு மேல் எனக்கு உறக்கம் வரவில்லை. நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாற்போல் ஓர் இறுக்கம் எப்போதும் இருந்தது. உதகையில் நான் பார்த்த மனநல மருத்துவர், இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பின் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரையால் பகற்பொழுதைத் தாங்க முடிந்தது; சமைக்கவும் வேலைக்குப் போகவும் முடிந்தது. ஆனால் இரவும் அந்த இறுக்கமும் பாதிக்கு மேல் விலகவில்லை. அந்த நிலையில்தான், பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, கோத்தகிரி கடைவீதியில் ஒரு மாடியில் இயங்கும் இந்தச் சிறிய அக்குபங்சர் நிலையத்துக்குச் சென்றேன். உடம்பின் சில புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைக் குத்திச் செய்யும் சீன சிகிச்சை இது. வாரம் ஒரு முறையாகப் பத்து வாரங்கள் சென்று வந்தேன்.

இங்கு வருவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் இந்த நிலையத்தை நான் ஏன் மதிக்கிறேன் என்பது விளங்கும். உறவினர் ஒருவர் என்னைச் சமவெளியில் அக்குபங்சர் என்ற இதே பெயரில் சிகிச்சை செய்யும் வேறோர் இடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருந்தவர் என் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து, அது உடம்பில் சேரும் நஞ்சு என்றும், அன்றோடு நிறுத்தினால்தான் தம் சிகிச்சை வேலை செய்யும் என்றும் கூறினார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு யார் உறுதியாகப் பேசினாலும் அதுவே வேதவாக்கு. நான் நிறுத்தினேன். மூன்றாம் நாளே தலைச்சுற்றல், மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, காரணமில்லாத அழுகை எல்லாம் வந்து, வாரக் கடைசியில் உதகைக்கே திரும்பிப் போனேன். மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் இப்படி ஆகும் என்பதையும், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும் என்பதையும் அன்றுதான் மருத்துவர் எனக்கு விளக்கினார்.

கோத்தகிரி நிலையத்தின் சிகிச்சையாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதுதான். பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு, "இதை நீங்களாக நிறுத்தக் கூடாது அக்கா, நான் செய்வது இதற்குத் துணை மட்டும்தான்" என்றார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்று தயங்காமல் கேட்டார். அப்படி வந்தால் தம்மைத் தேடி வர வேண்டாம், இரவானாலும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்று சொல்லி, அந்த எண்ணை என் கைப்பேசியில் பதியவும் வைத்தார். இதன் பிறகே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார்.

சீன மருத்துவத்தில் ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடங்களில் நாடி பார்க்கிறார்கள். வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலால் நாடி பிடிக்கும் நம் சித்த வைத்தியரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பிறகு நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தையும் படிவையும் பார்த்தார். அந்த மருத்துவம் உணர்ச்சிகளை உறுப்புகளோடு சேர்த்துப் பார்க்கிறது: கோபம் கல்லீரலுக்கு, அச்சம் சிறுநீரகத்துக்கு, ஓயாத சிந்தனை மண்ணீரலுக்கு, துக்கம் நுரையீரலுக்கு. உங்கள் துக்கம் மூச்சில் தங்கியிருக்கிறது என்று அவர் சொன்னபோது, நான்கு மாதங்களாக நான் யாருக்கும் சரியாகச் சொல்ல முடியாமல் இருந்ததை ஒருவர் பெயரிட்டு அழைத்தது போல் இருந்தது. இன்றைய உடற்கூறியல் இந்தக் கணக்கை ஏற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு அடைத்து மூச்சு ஏறாமல் இருந்தவளுக்கு அந்தச் சொல் பொருந்தியது, அன்று அது எனக்குத் தேவையாகவும் இருந்தது.

ஊசியைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். இது மருந்து ஏற்றும் ஊசியைப் போல் துளையுள்ளது அன்று. தலைமுடியைவிடச் சற்றே தடித்த, திண்மமான எஃகுக் கம்பி. ஒவ்வொரு முறையும் உறை பிரிக்காத புதிய ஊசிகளை என் கண் முன்னே பிரித்தார். எடுத்தவற்றை எண்ணிப் பார்த்து, மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போட்டார். மணிக்கட்டின் மடிப்பில், சுண்டுவிரல் பக்கமாக ஷென்மென் என்ற புள்ளி இருக்கிறது. உள்ளத்தின் வாயில் என்று அதற்குப் பொருள். மணிக்கட்டிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் நெய்குவான். காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தாய்ச்சோங். இரு புருவங்களுக்கும் நடுவில், நாம் பொட்டு வைக்கும் இடத்தில் யின்டாங். குத்தும்போது எறும்பு கடித்த அளவுக்கே உணர்ந்தேன். பிறகு அந்த இடத்தில் ஒரு கனமும் மந்தமான குடைச்சலும் பரவியது. அது வர வேண்டும் என்றே சிகிச்சையாளர் காத்திருக்கிறார். சீனத்தில் அதற்கு 'தே சி' என்று பெயர். புருவ நடுவில் ஊசி ஏறிய இரண்டாவது வாரம், அரை மணி நேரம் அசையாமல் கிடந்ததில் எனக்குக் கண்ணீர் பெருகி இரு காதுகளுக்குள்ளும் வடிந்தது. அவர் எதுவும் கேட்காமல் துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

நான்காவது வாரத்திலிருந்து மேல்முதுகில் மாக்ஸா என்ற சூடு கொடுத்தார். மாசிப்பச்சை இனத்துச் செடியின் இலையை உலர்த்தி, இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுப் போல் உருட்டி நெருப்பு வைத்து, தோலில் படாமல் அருகில் காட்டும் முறை இது. அந்தப் புகை கிளம்பியதும் எனக்கு எங்கள் வீட்டு வேலியோரம் நினைவுக்கு வந்தது. சீனர்கள் பயன்படுத்தும் செடிக்கு நெருங்கிய உறவான ஒன்று நம் மலைச்சரிவுகளில் தானாகவே முளைக்கிறது. தாவரவியலில் அதன் பெயரே ஆர்ட்டிமீசியா நீலகிரிகா. ஆடி மாதச் சாரலில் எலும்பு வரை குளிர் ஏறியிருக்கும் உடம்புக்கு அந்தச் சூட்டைப் போல் இதமானது வேறில்லை. முதுகில் ஊசி போடும்போது மட்டும் அவர் ஆழமாக இறக்காமல் சாய்வாக, மேலோட்டமாகவே போட்டார். நுரையீரலுக்கு மேலே கவனக்குறைவாகக் குத்தினால் அதில் ஓட்டை விழும் ஆபத்து அரிதாக உண்டு என்பதை அவரே சொன்னார்.

சீன மூலிகைகளை இங்கே விற்பதில்லை. நான் கேட்டதற்கு, மன இறுக்கத்துக்கு அங்கே பல நூற்றாண்டுகளாகக் கொடுக்கும் சியாவ் யாவ் சான் என்ற சூரணம் உண்டு என்றும், ஆனால் மனநல மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு அதைத் தாமாகக் கொடுக்கத் துணியமாட்டேன் என்றும் கூறினார். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகை மருந்தில் ஒரு செடிக்குப் பதிலாக ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடி கலந்துபோனதால் பலருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. இணையத்தில் வரவழைத்து உண்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பலன் என்ன என்று கேட்டால், மூன்றாவது வாரத்தில் உறக்கம் நான்கு மணி வரை நீண்டது. ஆறாவது வாரத்தில் நெஞ்சிறுக்கம் இல்லாத முழு நாள் ஒன்று வந்தது. இதில் ஊசியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு, வாரத்துக்கு ஒரு முறை ஒருவர் என்னை முழுக்கவனத்தோடு விசாரித்ததன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களுக்கும் இது எளிதாக இல்லை. 2013-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், மனச்சோர்வு உள்ள 755 பேரில் வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரும் பெற்றவர்கள், மூன்று மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நலமாக இருந்தார்கள். ஆனால் ஆற்றுப்படுத்தும் உரையாடல் பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு நலமடைந்திருந்தார்கள். 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 64 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பலன் இருக்கக்கூடும், ஆனால் சான்றுகளின் தரம் குறைவு என்றே முடிவு செய்தது. இந்த அளவுக்கே எதிர்பார்த்துச் செல்வது நல்லது.

குறைகளும் உண்டு. கட்டில்களுக்கு இடையில் துணித் திரைதான். பக்கத்துக் கட்டிலில் மூட்டுவலிக்காகப் படுத்திருப்பவர் நம் பேச்சு முழுவதையும் கேட்கலாம். மனத்துயரைச் சொல்ல வருபவர்களுக்கு ஒரு தனியறை மிகவும் தேவை. இதை நேரில் சொன்னேன். முதல் விசாரணையை இப்போது முன்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு நடத்துகிறார்கள், மற்ற நாட்களில் அதே திரைதான். காலுறையைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் கிடக்க வேண்டிய அறையில் ஒரேயொரு வெப்ப விளக்குதான் உள்ளது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நடுங்க வேண்டும். செவ்வாயும் சனியும் மட்டுமே திறந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததும் உண்டு.

முதல் முறை 500 ரூபாய், பிறகு ஒவ்வொரு முறையும் 350 ரூபாய் வாங்கினார்கள். பத்து முறைக்கும் சேர்த்து முன்பணம் கட்டச் சொல்லவில்லை. தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடம் குறைத்து வாங்குவதையும் பார்த்தேன். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில புள்ளிகளைக் கருவுற்ற காலத்தில் தொடுவதில்லை. வெறும் வயிற்றோடு போகக் கூடாது, மயக்கம் வரும். ஒரு கம்பளிச் சால்வையை எடுத்துச் செல்லுங்கள்.

மாத்திரையின் அளவை உதகை மருத்துவர் சென்ற மாதம் பாதியாகக் குறைத்தார். நான் இப்போது மாதம் ஒரு முறை மட்டும் அந்த மாடிப்படி ஏறுகிறேன். தம்பியின் திதி அடுத்த வாரம் வருகிறது; அதற்கு முந்தைய செவ்வாய்க்கு நேரம் கேட்டு வைத்திருக்கிறேன்.