முற்றத்துத் தொட்டிக்குக் கப்பியா, மோலியா?

இரண்டும் சின்ன அலங்கார மீன்கள்; குட்டி போடும், கொசுப்புழு தின்னும், எந்த வளர்ப்பு மீன்கடையிலும் கிடைக்கும். அதில் பேச ஒன்றுமில்லை. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் திறந்த சிமெண்ட் தொட்டி வைப்பவருக்கு நான் சொல்வது கப்பிதான். காரணம் மழைத்தண்ணீர்.

மோலிக்குக் கடினநீர் வேண்டும். லேசாக உப்பு இருந்தால் இன்னும் தெம்பு. சுண்ணாம்புச் சத்துள்ள போர் தண்ணீரில் கோடை முழுக்கக் கொழுகொழுவென்று திரியும். வம்பு ஐப்பசியில்தான். ஒரு மீட்டர் நீள அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில் 500 லிட்டர் பிடிக்கும். 100 மி.மீ. மழை நேராக விழுந்தால் 100 லிட்டர்தான் சேரும், சமாளிக்கலாம். ஆனால் நம் வீடுகளில் ஓட்டுக்கூரை நாலு பக்கமும் முற்றத்துக்குள்ளேதான் சரிகிறது. 10 சதுர மீட்டர் கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் கொட்டினால் அதே மழைக்கு 1000 லிட்டர்! பழைய தண்ணீர் வழிந்து போய், சத்தில்லாத மழைத்தண்ணீர்தான் மிஞ்சும். மோலி துடுப்பை ஒடுக்கி, நின்ற இடத்திலேயே நெளியும், அடுத்து பூஞ்சை. கப்பிக்கும் இது ஒத்துக்கொள்ளாதுதான், ஆனால் பெரும்பாலும் தேறிவிடும்.

மோலியே வேண்டுமென்றால் தொட்டியைக் கூரை விளிம்புக்கு நேராக வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைக் கரைத்து இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்புச் சேர்த்தால் போதும், ஆவியானதற்கு வேண்டாம்.

புதுத் தொட்டி என்றால் எந்த மீனுக்கும் முதலில் சிமெண்ட் காரம் போக வேண்டும். வாழைத்தண்டுத் துண்டு போட்டு ஊறவைத்து, மூன்று நான்கு முறை வடித்துவிடுங்கள்.

கப்பியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி. ஒளிந்துகொள்ள வேலம்பாசி அடர்த்தியாக இல்லாவிட்டால் குட்டிகளைத் தாயே தின்றுவிடும். குட்டிக்கு அவித்த மஞ்சள்கருவைத் துணியில் பிழிந்து, துளியளவு மட்டும்; மிஞ்சினால் தண்ணீர் நாறும்.

நிறம் காப்பதில் கப்பி தோற்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்தே ஆணைப் பிரிக்க வேண்டும்; அடித்துடுப்பு கூராகத் திரண்டால் அது ஆண். பெண் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைப்பதால், ஒரு மட்ட ஆண் புகுந்தாலும் அடுத்தடுத்த ஈற்றெல்லாம் கலப்பு. கறுப்பு மோலிக்கு இந்தத் தலைவலி குறைவு. விற்பனைக்கு வளர்ப்பவர் இதை யோசிக்கலாம். வயிறு உப்பிய பலூன் மோலிக்கும் இதே கணக்கா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கழித்த ஆண்களைக் கடைக்குக் கொடுங்கள், ஊருணியில் விடாதீர்கள். அங்கே பெருகினால் நாட்டு மீன்களின் இரைக்கும் குஞ்சுக்கும் கேடு.