ஜாவா கோகோ என்று நம்பி வாங்கிய 40 கிலோ

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், இஜென் எரிமலையில் கந்தகம் எரியும் நீலத் தீ பார்க்கப் போனவன், போன இடத்தில் கோகோ மூட்டைக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். முன்பணம் என்ன, முழுப் பணமும்தான்.

கிழக்கு ஜாவாவில் ஜெம்பர், பன்யுவாங்கி பக்கம், ராவுங் எரிமலையின் அடிவாரத்தில் டச்சுக்காரர் காலத்திலிருந்தே உயர்ரகக் கோகோ விளைகிறது. அங்கே அதற்கு ‘எடெல்’ என்று பெயர். சாதாரண ரகம் ‘லிண்டாக்’. வீட்டில் சின்ன அளவில் சாக்லேட் செய்து விற்கும் எனக்கு எடெல் மேல் பல வருட ஆசை.

தரகர் ஒருவர் தோட்டம் சுற்றிக் காட்டினார். (தோட்டம் அவருடையது இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.) காய்ந்த கொட்டைகளை என் கண் முன்னால் வெட்டினார். உள்ளே வெளிர் பழுப்பு. எடெலுக்கு அதுதான் அடையாளம். பழத்திலிருந்து எடுத்தவுடன் பருப்பு வெள்ளையாக இருக்கும். லிண்டாக் என்றால் ஊதா. அப்போது 2024 டிசம்பர், உலகச் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியிருந்தது. அதனால் அவர் சொன்ன விலை எனக்கு உறுத்தவே இல்லை.

மூன்று வாரம் கழித்து மூட்டை வந்தது. மேலே ஒரு சாண் வரை நல்ல கொட்டை. அடியில் கைவிட்டு 50 எடுத்து வெட்டினேன்: 31 ஊதா, 8 சிலேட்டு நிறம். எடெல் தோட்டத்திலும் அயல் மகரந்தம் சேர்ந்தால் சில ஊதாக் கொட்டைகள் வரும். அது மோசடி இல்லை. ஆனால் 31? சிலேட்டு நிறமோ, புளிக்கவே வைக்காமல் காயப்போட்டது. இந்தோனேசியாவின் இன்னொரு தீவான சுலவேசியில் பெரும்பாலும் அப்படித்தான் விற்பார்கள். எந்த ஊர்க் கொட்டை என் மூட்டைக்குள் வந்ததோ! வறுத்து அரைத்தால் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தது போல ஒரே துவர்ப்பு.

போன் செய்தேன். “மழைக்காலத்தில் நிறம் மாறும், பாக்” (அங்கே ‘ஐயா’ என்பது போல) என்றார் மரியாதையாக. மழைக்கும் ஊதாவுக்கும் என்ன சம்பந்தம்? மறுநாளிலிருந்து என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் கத்தியைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். மூட்டையின் நடுவிலும் அடியிலும் நீங்களே எடுத்து வெட்டுங்கள். முறைப்படி 300 கொட்டை வெட்ட வேண்டும். குறைந்தது 100 கொட்டையாவது வெட்டுங்கள். மூட்டையை உங்கள் எதிரில் தைத்து முத்திரை வைக்கச் சொல்லுங்கள். சரக்கு வந்து சேரும்வரை பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

மீதி 36 கிலோ மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. யாருக்காவது உரத்துக்கு வேண்டுமா?