நன்கொடையாளர் காதுக்கு எட்டும் குரல்: சாம்சன் கியூ2யூ மைக்

பாட்காஸ்ட் தொடங்கும் தொண்டு நிறுவனத்துக்கு ஏற்ற மைக் இது. டைனமிக் வகை (அருகில் எழும் ஒலியையே முக்கியமாகப் பிடிப்பது) என்பதால் மின்விசிறி இரைச்சலையும் வெற்றுச் சுவரின் எதிரொலியையும் அவ்வளவாக இழுக்காது. ஆனால் வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் குரல் மெலியும். அதை ஈடுகட்டக் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் 'ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதி வெடிக்காது. ஹெட்போனை மைக்கிலேயே செருகிக் கேளுங்கள்.

கணினியில் செருக யூஎஸ்பி, ஒலிக்கருவிகளில் செருக எக்ஸ்எல்ஆர் இரண்டும் உண்டு; பின்னாளில் மிக்சர் (பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) வாங்கினாலும் வீணாகாது. உடன் வரும் குட்டி ஸ்டாண்டுதான் குறை: மேசையில் கை பட்டாலே 'டொம்' என்று பதிவாகும். அடியில் மடித்த துண்டு போடுங்கள்.

உதவி பெற்றவர் தயங்கித் தயங்கிச் சொல்வதை வெட்டிவிடாதீர்கள். அந்த மூச்சிழுப்புவரை இந்த மைக் பிடித்துத் தரும். கொடுப்பவர் மனதைத் தொடுவது அதுதான். நன்கொடை இணைய முகவரியைச் சுருக்கமாக, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர் கையில் அப்போது பேனா இருக்காது.