அரண்மனையா, மடமா: பதினைந்தாம் லூயியின் இரு மகள்கள்

திருமணம் செய்துகொள்ளாத பிரெஞ்சு இளவரசிக்கு இருந்தவை பெரும்பாலும் இரண்டே வழிகள்: அரண்மனையிலேயே முதுமை அடைவது, அல்லது மடம் புகுவது. முதல் வழியில் நின்றவர் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மகள் அதெலாயிது (1732–1800). இரண்டாவதைத் தேர்ந்தவர் கடைசித் தங்கை லூயிஸ் (1737–1787).

வெர்சாய் அரண்மனையில் வசதிக்குக் குறைவில்லை. வயலின், நூல்கள், தனி மாளிகைப் பகுதி, பணிப்பெண்கள் என எல்லாமே அதெலாயிதுக்கு இருந்தன. ஆனால் மாலையில் வேட்டையிலிருந்து திரும்பிய தந்தையைக் காண, பொன்வேலைப்பாடுள்ள அகன்ற வளையப் பாவாடையை அவசரமாக அணிந்து, நீண்ட பின்தொங்கலை இடுப்பில் கட்டி, உள்ளே இருக்கும் வீட்டு உடை தெரியாதபடி கறுப்புப் பட்டு மேலாடையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சகோதரிகள் தீப்பந்த வெளிச்சத்தில் விரைவார்கள். மன்னர் நெற்றியில் ஒரு முத்தமிடுவார். சில நிமிடங்களில் சந்திப்பு முடிந்துவிடும். இவ்வளவு பட்டாடையும் அதற்காகத்தான்!

1770 ஏப்ரலில், 32 வயதில், லூயிஸ் பாரிசுக்கு அருகே சான் தெனியிலிருந்த கார்மேல் சபைக் கத்தோலிக்கத் துறவியர் மடத்தில் சேர்ந்தார். முரட்டுத் துணி, எளிய உணவு, கடும் ஒழுங்கு. ஆயினும் அங்கே அவர் மடத்தலைவியாகி, ஒரு நிறுவனத்தையே நடத்தினார். அரண்மனையில் அந்த அதிகாரம் அவருக்குக் கிட்டியிருக்காது என்றே கருதுகிறேன். 1789-இன் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே அவர் மறைந்தார். 1791-இல் பிரான்சை விட்டு வெளியேறிய அதெலாயிது, திரியெஸ்தெ நகரில் இறந்தார்.